க்ளிப்பைக் கழற்றினால் பல்லில் வெள்ளைத் திட்டு ஏன்?

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "க்ளிப்பைக் கழற்றியாயிற்று, பல்லும் வரிசையாகிவிட்டது. ஆனால் முன்பற்களில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஒட்டிய பசை எனாமலை அரித்துவிட்டதா?"

பசை மேல் பழி போட வேண்டாம். திட்டு எங்கே இருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் பிராக்கெட் இருந்த சின்னச் சதுரம் பெரும்பாலும் நல்ல நிறத்தில் இருக்கும். அதைச் சுற்றி, அதிலும் ஈறுப் பக்கம்தான் வெளுத்திருக்கும். பசை மூடியிருந்த இடம் தப்பித்துவிட்டது. மாட்டிக்கொண்டது அதன் ஓரம்.

பல்லின் வெளி ஓடான எனாமலில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸிஅபடைட் அது. பல் அழுக்கில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். பிஎச் (இது குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5 அளவுக்குக் கீழே போனால் தாது கரையத் தொடங்கும். அப்புறம் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பப் படிய வைக்கும். இது எல்லோர் வாயிலும் தினமும் நடப்பதுதான். க்ளிப் போட்டவர்களுக்கு வரவை விடச் செலவு அதிகமாகிவிடுகிறது. கம்பிக்குக் கீழே பிரஷ் எட்டுவதில்லை, உமிழ்நீரும் சரியாக அலசுவதில்லை. கவனிக்காமல் விட்டால் நான்கே வாரத்தில் திட்டு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சரி, கரைந்தால் பள்ளம்தானே விழ வேண்டும், வெள்ளை எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அமிலம் மேற்பரப்பைச் சுரண்டிக்கொண்டு போவதில்லை. நுண்ணிய இடைவெளிகள் வழியாக உள்ளே இறங்கி அங்கே கரைக்கிறது. கரைந்த தாது வெளியேறும் வழியில், ஃப்ளோரைடு கூடுதலாக உள்ள மேல் படலத்தில் ஒரு பகுதி மறுபடி படிந்துவிடுகிறது. அதனால் மேலே ஓரளவு கெட்டியான தோல், அதன் அடியில் துளைகள் நிறைந்த எனாமல்.

அந்தத் துளைகள்தான் வெளிச்சத்தைக் குழப்புகின்றன. பல் ஈரமாக இருந்தால் துளைகளில் தண்ணீர், உலர்ந்தால் காற்று. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் எனாமலுக்குச் சுமார் 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. இரண்டு பொருள்களுக்கு இடையே இந்த வித்தியாசம் கூடக்கூட, ஒளி அவை சேரும் எல்லையில் அதிகமாகச் சிதறும். எல்லா நிறமும் சிதறித் திரும்பினால் கண்ணுக்கு அது வெள்ளை. வெள்ளை வேட்டி நனைந்தால் உடம்பு தெரிவதும், காய்ந்தால் மறைவதும் இதே கணக்குதான். பல் மருத்துவர் காற்றை ஊதிப் பல்லை உலர்த்திப் பார்ப்பதும் அதற்காகத்தான். உலர்ந்த பிறகு மட்டும் தெரிகிற திட்டு ஆழமில்லாதது. ஈரத்திலேயே தெரிந்தால் ஆழமாக இறங்கியிருக்கிறது. எக்ஸ்ரே இல்லை, ரசாயனம் இல்லை. வெறும் காற்றை வைத்து ஆழத்தைக் கணிக்கிறார்கள்!

இந்தத் திட்டைப் போக்க எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2 முதல் 3-க்குள். ஏற்கெனவே துளை விழுந்த எனாமலில் அதைத் தேய்ப்பது கொடுமை. இன்னொரு பக்கம், தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் நிலத்தடி நீர் ஃப்ளோரைடால் பல் கறைபட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஃப்ளோரைடு பற்பசைக்கே பயப்படுகிறார்கள். அந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. ஆனால் அந்தக் கறை, பல் தாடைக்குள் உருவாகும் வயதில் ஃப்ளோரைடு உடம்புக்குள் போவதால் வருவது. பதினைந்து வயதில் முன்பல்லின் எனாமல் எப்போதோ உருவாகி முடிந்திருக்கும். தேய்த்துத் துப்பும் பற்பசையால் அதில் புதிதாகக் கறை வராது.

மகளுக்கு இனி என்ன செய்யலாம்? க்ளிப் போனதும் உமிழ்நீர் வேலையைத் தொடங்கிவிடும். சில மாதங்களில் திட்டு ஓரளவு மங்கும். அவசரப்பட்டு அடர்த்தியான ஃப்ளோரைடைப் பூசினால் மேல் தோல் மட்டும் இறுகி, வெள்ளை உள்ளேயே தங்கிவிடக்கூடும். சாதாரணப் பற்பசையே போதுமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அதற்கும் மங்காத திட்டுக்கு, பிளாஸ்டிக் போல இறுகும் பிசினான ரெசினை ஊட்டும் சிகிச்சை இருக்கிறது. மேல் தோலை மருத்துவர் அமிலத்தால் மெலிதாக நீக்கி, பல்லை நன்றாக உலர்த்தி, நீர்த்த ரெசினைத் துளைகளுக்குள் ஊற வைத்து, ஒளியால் கெட்டியாக்குகிறார். ரெசினின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, எனாமலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒளிச் சிதறல் குறைந்து, அந்த இருக்கையிலேயே திட்டு மங்குகிறது. போன தாது போனதுதான், ஆனால் அமிலம் உள்ளே இறங்கும் வழியும் கூடவே அடைபடுகிறது.