ஏசில கூலிங் இல்லன்னா உடனே கேஸ் அடிக்காதீங்க: பழைய பிக்கப் வச்சிருக்கவங்களுக்கு

வெயில் ஏற ஆரம்பிச்சா நம்ம கடைக்கு வர்ற பழைய பிக்கப்காரங்க பாதிப் பேரு, வண்டிய விட்டு எறங்கும்போதே "அண்ணே கூலிங் இல்ல, கேஸ் அடிச்சு விட்ருங்க"ன்னுதான் சொல்றாங்க. கேஸ் என்ன டீசலா, ஓட ஓட தீர்றதுக்கு? மூடின பைப்புக்குள்ள அதே கேஸ்தான் சுத்திட்டு இருக்கு. பழைய ஹோஸ், கேஸ அழுத்திச் சுத்த விடுற கம்ப்ரஸரோட சீல் வழியா வருஷத்துக்குக் கொஞ்சம் கசியும், அது சகஜம். ஆனா போன சீசன் அடிச்ச கேஸ் இந்த சீசன் இல்லன்னா எங்கயோ லீக்கு இருக்குன்னு அர்த்தம், அதப் பாக்காம திரும்ப அடிச்சா காசுதான் போகும்.

அதுக்கு முன்னாடி வீட்டு வாசல்லயே நீங்க பாக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு.

ஓடும்போது கூலிங் வருது, சிக்னல்ல நின்னா போயிடுதுன்னா கேஸ் மேல பழி போடாதீங்க, முன்னாடி இருக்கற, கேஸோட சூட்ட வெளிய தள்ளுற கண்டென்சரையும் அதோட ஃபேனையும் பாருங்க. செங்கல் சூளை, பஞ்சு லோடுன்னு ஓடுற வண்டில கண்டென்சர் இடுக்கு பூரா மண்ணும் பூச்சியும் அப்பிக் கெடக்கும், வண்டி ஆறினப்புறம் சாதா ஹோஸ் தண்ணி விட்டு மெதுவா கழுவுங்க. வாட்டர் சர்வீஸ் ப்ரஷர்ல அடிச்சா அந்தத் தகடு மடங்கி இருந்த காத்தும் வராது. காத்தே கம்மியா வருது ஆனா வர்றது சில்லுன்னு இருக்குன்னா உள்ள கூலிங் காயில் அடைச்சிருக்கும், பழைய பிக்கப் நெறையதுல கேபின் ஃபில்டரே கெடையாது, தூசி நேரா அங்கதான் போய் உக்காரும்.

இப்ப கம்ப்ரஸர் க்ளட்ச், அதாவது ஏசி போட்டதும் காந்தத்தால ஒட்டி கம்ப்ரஸரச் சுத்த வைக்கிற தட்டு, இங்கதான் நெறைய பேரு ஏமாறுறாங்க. ஒரு கேம்பர் பிக்கப் வந்துச்சு, காலைல நல்லா கூலிங், மத்தியானம் ஆனா வெறும் காத்து. வேற எடத்துல கேஸ் அடிச்சும் பாத்துட்டாங்க, அப்பவும் அதே கதை. இஞ்சின் சூடா இருக்கும்போது ஆஃப் பண்ணி, சாவிய மட்டும் ஆன் வச்சு, ப்ளோயரும் ஏசியும் போட்டோம், டெஸ்ட் லைட் வச்சா க்ளட்ச் வயர்ல கரண்ட் நல்லா வருது, ஆனா "டக்"னு ஒட்டுற சத்தம் வரல. க்ளட்ச் தட்ட ஒரு குச்சியால லேசா அமுக்கினதும் ஒட்டிக்கிச்சு. அதாவது தட்டு தேஞ்சு தேஞ்சு எடைவெளி ஒரு மில்லிமீட்டரத் தாண்டிருச்சு, க்ளட்ச்சோட காந்தக் காயில் சூடாக சூடாக இழுக்குற சக்தியும் கொறையும், அதான் மத்தியானம் ஒட்டல. உள்ள எடைவெளிக்கு வச்சிருந்த மெல்லிசு வளையம், ஷிம்னு சொல்வாங்க, அதுல ஒண்ண எடுத்து எடைவெளிய அரை மில்லிக்குக் கொண்டு வந்தோம், வேலை முடிஞ்சுது. இஞ்சின் ஓடும்போது மட்டும் குச்சி, கை எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது, பெல்ட் இழுத்துரும்.

கரண்டே வரலன்னா ஃப்யூஸ், ரிலே பாருங்க. அதெல்லாம் சரியா இருந்தும் வரலன்னா ப்ரஷர் சுவிட்ச் கட் பண்ணிருக்கலாம், கேஸ் கொறஞ்சா கம்ப்ரஸர் ஓடக்கூடாதுன்னுதான் அத வச்சிருக்கான். அந்த சுவிட்ச்ல வயர முறுக்கி டைரக்ட் குடுத்து ஓட்டுறவங்க இருக்காங்க, ஆயில் சுத்தாம கம்ப்ரஸர் ஜாம் ஆகி, இரும்புத் தூள் பைப் பூரா பரவி, செலவு பல மடங்கு ஆகும்.

லீக்கு தேடுறதுக்கு முதல்ல கண்ணு போதும், கேஸோட ஆயிலும் சேந்து வெளிய வர்றதால ஜாயிண்ட்ல எண்ணெய்ப் பிசுக்கும் அதுல மண்ணும் ஒட்டியிருக்கும், அங்க சோப்பு நுரை வச்சுப் பாருங்க. ஏசி ப்ரஷர் பாக்குற கேஜ் வாங்கி வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு: ராத்திரி பூரா நின்ன வண்டில, வெளிய 30 டிகிரின்னா ஆர்134ஏங்குற ஏசி கேஸ் ரெண்டு கேஜ்லயும் சுமார் 95-100 பிஎஸ்ஐ காட்டும். ஆனா அத வச்சு ஃபுல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க, உள்ள கொஞ்சம் திரவமா இருந்தாலே அதே அளவுதான் காட்டும். ரொம்பக் கீழ இருந்தா காலி, ரொம்ப மேல இருந்தா காத்தோ வேற கேஸோ கலந்திருக்கு.

இதுக்கு மேல பைப்பக் கழட்டுற வேலை வீட்டுல வேண்டாம். இந்த கேஸ் வெளிய வந்தா மைனஸ் 26 டிகிரில கொதிக்கும், கைல பட்டா தோலு வெந்த மாதிரி ஆயிரும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. வெலை கம்மின்னு சமையல் கேஸ் அடிக்கிற கொடுமையும் நடக்குது, கேபினுக்குள்ள இருக்கற கூலிங் காயில்ல லீக்காகி ஒரு பீடி பத்த வச்சாப் போதும். இன்னொண்ணு, லீக்கு பாக்க வெல்டிங் ஆக்சிஜன விடுறது, உள்ள இருக்கற ஆயிலோட சேந்தா வெடிக்கும், நைட்ரஜன்தான் விடணும்.

கடைக்குக் கொண்டு போனா பக்கத்துலயே நில்லுங்க. லீக்கு அடைச்சாங்களா, பைப்பத் தொறந்ததால ஈரத்த உறிஞ்சுற ட்ரையர் புதுசு போட்டாங்களா, உள்ள இருக்கற காத்த இழுத்தெடுக்க அரை மணி நேரமாவது வேக்கம் போட்டாங்களான்னு பாருங்க. பானெட்டுக்குள்ள ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல எத்தன கிராம் கேஸ்னு போட்டிருக்கும், அத எடை மெஷின்ல சிலிண்டர வச்சு அளந்துதான் ஏத்தணும், ஏத்தின கிராம பில்லுல எழுதி வாங்கிக்கங்க.