காவலருக்கு வார ஓய்வு: ஆணை தருவது என்ன, நட்புக்கும் உறவுக்கும் சட்டம் விட்டிருக்கும் இடம் எவ்வளவு

தமிழ்நாடு காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை உள்ளவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வழங்கப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2021 செப்டம்பரில், காவல்துறை மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் அறிவித்தார். அதைத் தொடர்ந்து அந்த ஆண்டிலேயே அரசாணையும் வெளியானது. உடல்நலத்தைப் பேணவும் குடும்பத்தாரோடு நேரம் செலவிடவும் காவலருக்கு ஒரு நாள் வேண்டும் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். இது மேலதிகாரி மனமிரங்கித் தரும் சலுகை அன்று, அரசு ஆணையிட்டுத் தந்த உரிமை என்பதைக் காவலர்களும் அவர்களுடைய வீட்டாரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆணைக்கு முன்பே, 2021 ஜூலை இறுதியில், அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சி.சைலேந்திர பாபு இதற்கான சுற்றறிக்கையை அனைத்து மாவட்டங்களுக்கும் மாநகரங்களுக்கும் அனுப்பியிருந்தார். வார ஓய்வு கட்டாயம் தரப்பட வேண்டும், ஓய்வு தேவையில்லை என்று விரும்பிப் பணிக்கு வருபவருக்கு மிகைநேர ஊதியம் வழங்க வேண்டும், பிறந்தநாளிலும் திருமண நாளிலும் குடும்பத்தாரோடு இருக்க விடுப்பு தர வேண்டும் என்பவை அதன் முக்கியமான கூறுகள். அன்றைய தினம் தலைமை இயக்குநரின் வாழ்த்தைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வயர்லெஸ் மைக்கில் அந்தக் காவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. நாள் முழுவதும் விபத்தும் அடிதடியும் விஐபி வருகையுமே ஒலிக்கும் அந்த மைக்கில் ஒரு காவலரின் பெயரைச் சொல்லி வாழ்த்துவது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆயினும் அந்தச் சீருடைக்குள் இருப்பவருக்கும் ஒரு வீடு இருக்கிறது என்பதைத் துறை தன் வாயால் ஒப்புக்கொண்ட தருணமாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

பெண் காவலர்களுக்கு இதனோடு இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் பெண்கள் காவல்துறையில் சேர்ந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்ததையொட்டி 2023 மார்ச்சில் நடந்த விழாவில், அவர்களுக்கான காலை ரோல் கால் (வருகைக் கணக்கெடுப்பு) 7 மணியிலிருந்து 8 மணிக்கு மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

வார ஓய்வு ஸ்டேஷனில் எவ்வாறு நடக்கிறது என்பதையும் பார்ப்போம். எந்தக் காவலருக்கு எந்த நாள் என்பது டூட்டிப் பட்டியலில் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது, சுழற்சி முறையில்தான் கிடைக்கும். தற்செயல் விடுப்பும் ஈட்டிய விடுப்பும் வேறு, வார ஓய்வு வேறு. ஆகவே வார ஓய்வு எடுத்ததற்காக விடுப்புக் கணக்கில் கழிப்பது முறையாகாது. திருவண்ணாமலை தீபம், பசும்பொன் குருபூஜை, விநாயகர் சதுர்த்தி ஊர்வலம், தேர்தல் போன்ற பந்தோபஸ்துக் காலங்களில் ஓய்வு தள்ளிப்போவது இயல்பு. காவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று காவல் சட்டம் சொல்வதால், அவசரத்துக்குத் திரும்ப அழைத்தால் அவர் போயே ஆக வேண்டும். ஆனால் எப்போதும் பணியில் இருப்பவராகக் கருதுவது ஒன்று, எப்போதும் வேலை வாங்குவது வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால்தான் பட்டியலில் இருக்கும் ஓய்வு பல இடங்களில் பட்டியலோடு நின்றுவிடுகிறது.

என் பள்ளித் தோழன் ஒருவன் தலைமைக் காவலராக இருக்கிறான். எங்கள் நண்பர் ஒருவரின் திருமணத்துக்கு, முகூர்த்தமெல்லாம் முடிந்து பந்தியும் கடைசிப் பந்தியாகிவிட்ட நேரத்தில் வந்து சேர்ந்தான். மேலே கட்டம் போட்ட சட்டை, கீழே காக்கிப் பேன்ட், காலில் அதே பழுப்பு ஷூ. இலைக்குப் பக்கத்தில் திரை மேலாக வைத்த செல்போன். ரசம் ஊற்றும்போது போன் ஒளிர்ந்தது. மொய்க் கவரை என் கையில் திணித்துவிட்டு, மாப்பிள்ளையோடு படம்கூட எடுக்காமல் போய்விட்டான். அன்று அவனுக்கு ஓய்வு நாள். "வர்றேன்னு யார்கிட்டயும் சொல்லவே பயமா இருக்குடா, கடைசியில பொய்யாப் போயிடுது" என்று பிறகு சொன்னான். அழைப்பிதழ் கொடுப்பவர்கள் மெல்ல மெல்லக் கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு கட்டத்தில் ஸ்டேஷனில் உடன் வேலை பார்ப்பவர்களையும் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டாரையும் தவிர வேறு யாரும் மிஞ்சுவதில்லை. ஒரே துறையின் கண்ணால் மட்டும் ஊரைப் பார்க்கும் நிலை காவலருக்கும் நல்லதன்று, ஊருக்கும் நல்லதன்று.

இது ஒரு தனிமனிதரின் குறை மட்டும் அன்று. மத்திய அரசின் காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்துக்காக ஹைதராபாத்திலுள்ள இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி 2014இல் அளித்த ஆய்வறிக்கை, நாட்டின் காவல் நிலையப் பணியாளர்களில் 73.6 விழுக்காட்டினரால் மாதத்துக்கு ஒரு முறைகூட வார ஓய்வு எடுக்க முடியவில்லை என்று கண்டது. ஓய்வில் இருக்கும்போது திரும்ப அழைக்கப்படுவது வழக்கமாகிவிட்டதாக எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் அதில் சொல்லியிருந்தார்கள். தமிழ்நாட்டிலும் 2021 ஆணை சரியாக நடைமுறைப்படுத்தப்படவில்லை என்ற முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது.

நேரம் கிடைத்துவிட்டால், யாரோடு எப்படிக் கூடலாம் என்பதற்கு வேறொரு சட்டம் எல்லை வகுக்கிறது. அது 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் (உரிமைகள் கட்டுப்பாடு) சட்டம். ஒழுங்கைக் காக்கும் படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த அரசமைப்பின் 33ஆவது உறுப்பு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி வந்த சட்டம் இது. உரிய அனுமதியின்றிக் காவலர் தொழிற்சங்கத்திலோ அரசியல் அமைப்பிலோ உறுப்பினராகக் கூடாது, அரசியல் கூட்டத்திலும் ஆர்ப்பாட்டத்திலும் பங்கேற்கக் கூடாது, மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ 2000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்று அது சொல்கிறது. பலரும் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு, காவலர் எதிலும் சேரக் கூடாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே 3ஆம் பிரிவு, முற்றிலும் சமூக, பொழுதுபோக்கு, சமயத் தன்மை கொண்ட அமைப்புகளைத் தடையிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆகவே தெருக் கிரிக்கெட் அணி, பழைய மாணவர் சங்கம், கோயில் திருப்பணிக் குழு, நடைப்பயிற்சி நண்பர்கள் என எதிலும் இந்தச் சட்டத்தின்படி காவலர் இருக்கலாம். கவிதை எழுதி இதழுக்கு அனுப்பவும் இதில் தடையில்லை. இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த எழுத்துக்கு அதே பிரிவு இடம் தருகிறது. ஓர் அமைப்பு இந்த வகையில் அடங்குமா என்ற கேள்வி எழுந்தால் மத்திய அரசின் முடிவே இறுதியானது. ஊர் நலச் சங்கம் என்ற பெயரில் நடப்பது ஒரு கட்சியின் கிளையாகவோ சாதி அரசியலாகவோ இருந்தால், அனுமதி கேட்காமல் சேருவது காவலருக்கு ஆபத்து.

ஓய்வு தொடர்ந்து மறுக்கப்படும் காவலர் முதலில் ஆய்வாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அங்கே தீராவிட்டால் உரிய வழியாக மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ மாநகர ஆணையருக்கோ மனு அளிக்கலாம். மறுக்கப்பட்ட நாள்களைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் மனு வலுப்பெறும். கூட்டமாகச் சேர்ந்து கோரிக்கை வைப்பது மேற்சொன்ன சட்டத்தின் சிக்கலுக்குள் இழுத்துச் செல்லக் கூடும் என்பதால், மனு தனித்தனியாகவே இருக்கட்டும்.

காவலரை நண்பராகக் கொண்டவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டு விசேஷத்துக்கு நாள் குறித்துவிட்டு அழைப்பதற்குப் பதிலாக, முடிந்த இடத்திலெல்லாம், அவருடைய அடுத்த ஓய்வு எந்த நாளில் வருகிறது என்று கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். நாங்கள் இப்போது என் தோழனுக்காக அப்படித்தான் செய்கிறோம். போன முறை அவன் காக்கிப் பேன்ட் இல்லாமல், வேட்டி கட்டிக்கொண்டு வந்தான்.