வாயில் உடையும் ஆலிவ்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பெரிய ரெஸ்டாரண்ட் ஒன்றில் எடுத்த வீடியோ பார்த்தேன். ஸ்பூனில் ஒரே ஒரு பச்சை ஆலிவ் வைத்துக் கொடுக்கிறார்கள். வாயில் போட்டு நாக்கால் அழுத்தியதும் முழுக்கச் சாறாக உடைந்துவிடுகிறதாம். கொட்டையும் இல்லை, சதையும் இல்லை. தோலுக்குள் ஊசி போட்டுச் சாறு ஏற்றுகிறார்களா? எல்லாம் கெமிக்கல் என்கிறார்களே, சாப்பிடலாமா?”

ஊசி எதுவும் இல்லை. அந்தத் தோல் ஆலிவின் தோலும் இல்லை. நிஜ ஆலிவை அரைத்துப் பிழிந்து வடிகட்டிய சாற்றை ஒரு கரைசலுக்குள் மெல்ல இறக்குகிறார்கள். இறங்கிய சில நொடிகளில் சாற்றைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு உருவாகிவிடுகிறது. இந்த உத்திக்கு ஸ்ஃபெரிஃபிகேஷன் என்று பெயர்.

இதை உலகப் புகழ் பெற வைத்த இடம் ஸ்பெயினின் கட்டலோனியா கடற்கரையில், ரோசஸ் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எல் புல்லி. ஃபெரான் அட்ரியா தலைமைச் சமையல்காரர். 1997-இல் மூன்றாவது மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது; மிஷெலின் உணவக வழிகாட்டி தரும் உச்ச மதிப்பே மூன்று நட்சத்திரம்தான். 2002-க்கும் 2009-க்கும் இடையில் ஐந்து முறை உலகின் சிறந்த உணவகமாகத் தேர்வானது. வருஷத்தில் பாதி நாள்தான் திறந்திருக்கும். மீதி மாதங்களில் அட்ரியாவின் குழு பார்சிலோனாவில் இருந்த தங்கள் பட்டறையில் உட்கார்ந்து அடுத்த பருவத்துக்கான புது உணவுகளைச் சோதித்துப் பார்க்கும். ஸ்ஃபெரிஃபிகேஷன் அங்கே 2003-இல் மேசைக்கு வந்தது. நம் வாசகர் பார்த்த திரவ ஆலிவ் 2005-ஆம் ஆண்டுப் படைப்பு. 2011 ஜூலையில் எல் புல்லி மூடப்பட்டது. அந்த ஆலிவ் மட்டும் இன்றும் பல ஊர்களின் உயர்தர உணவகங்களில் பரிமாறப்படுகிறது.

சரி, அந்தச் சவ்வு எதனால் ஆனது? பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற பொருளால். கடல் அலை இழுக்கும் இழுப்புக்கு உடையாமல் வளைந்து கொடுக்கும் வலு பாசிக்கு இதனால்தான் கிடைக்கிறது. பாசியின் செல் சுவரில் இது நிறைந்திருக்கிறது. சில இனங்களில் உலர் எடையில் 40 சதவீதம் வரைகூட இருக்கும். எட்வர்ட் ஸ்டான்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் பாசியிலிருந்து அயோடின் எடுக்கும் வேலையில் இருந்தபோது இதைக் கண்டறிந்து 1881-இல் காப்புரிமை பெற்றார்.

ஆல்ஜினேட் ஒரு நீண்ட சங்கிலி மூலக்கூறு. மாவுப்பொருள், செல்லுலோஸ் போல இதுவும் சர்க்கரை வகை அலகுகள் கோத்தது. இதில் அலகு இரண்டே வகை: மன்னுரோனிக் அமிலம், குலுரோனிக் அமிலம். சுருக்கமாக எம், ஜி என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் இருக்கும் அணுக்கள் ஒன்றே, எண்ணிக்கையும் ஒன்றே. ஐந்தாவது கார்பனில் மட்டும் இணைப்புகள் நோக்கும் திசை மாறியிருக்கிறது. அந்த ஒரு திருப்பம் எவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது என்று பாருங்கள். எம் அலகுகள் வரிசையாக வந்தால் சங்கிலி தட்டையான நாடா மாதிரி நீள்கிறது. ஜி அலகுகள் வரிசையாக வந்தால் சங்கிலி மடிந்து மடிந்து போகிறது, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு சிறு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தின் ஓரங்களில் எதிர் மின்னேற்றம் கொண்ட ஆக்சிஜன்கள்.

பாசி இதைச் செய்யும் விதம் இன்னும் அழகு. முதலில் சங்கிலி முழுவதையும் எம் அலகுகளாலேயே கட்டி முடிக்கிறது. அப்புறம் ஒரு நொதி அந்தச் சங்கிலி மேல் ஊர்ந்து போய், கட்டி முடித்த அலகுகளை அங்கங்கே அப்படியே ஜி-யாகத் திருப்பிவிடுகிறது. பாறையைப் பற்றி நிற்கும் தண்டில் ஜி அதிகம், ஆகவே விறைப்பு அதிகம். அலையோடு ஆட வேண்டிய இலைப் பகுதியில் ஜி குறைவு. எங்கே எவ்வளவு விறைப்பு வேண்டுமோ அந்த அளவுக்குத் திருப்பிக்கொள்கிறது. இதைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சோடியம் ஆல்ஜினேட் தண்ணீரில் கரையும். சோடியம் அயனிக்கு, அதாவது மின்னேற்றம் பெற்ற சோடியம் அணுவுக்கு, ஒரே ஒரு நேர் மின்னேற்றம்; இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்க அதனால் முடியாது. ஆகவே சங்கிலிகள் தனித்தனியாக மிதக்கின்றன. கரைசல் கொழகொழவென்று இருக்கும், அவ்வளவுதான். கால்சியம் அயனிக்கு இரண்டு மின்னேற்றம். அதன் அளவும் ஜி-யின் பள்ளத்துக்குக் கச்சிதம். எதிரெதிரே நிற்கும் இரண்டு சங்கிலிகளின் பள்ளங்களுக்கு நடுவே ஒரு கால்சியம் வந்து உட்கார்ந்தால் இரண்டும் இணைகின்றன. அதன் பக்கத்துப் பள்ளங்கள் இப்போது நேருக்கு நேர் நிற்பதால் அடுத்த கால்சியம் உட்காருவது இன்னும் சுலபம். அட்டைத் தட்டின் குழிகளில் முட்டைகள் வரிசையாக அமர்வதைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நிரம்புகிறது. 1973-இல் டேவிட் ரீஸும் அவருடைய சகாக்களும் இந்த அமைப்பை முன்வைத்தபோது கொடுத்த பெயரும் முட்டைத் தட்டு மாதிரி என்பதுதான். மெக்னீசியத்துக்கும் இரண்டு மின்னேற்றம் உண்டு, ஆனால் அது ஆல்ஜினேட்டை இப்படி உறைய வைப்பதில்லை. மின்னேற்றம் மட்டும் போதாது, பள்ளத்தில் பொருந்தவும் வேண்டும்.

அடுத்து வருவதுதான் இந்தக் கட்டுரையை எழுத என்னை உட்கார வைத்த விஷயம்.

கால்சியத்தின் அணு எடை 40. ஆல்ஜினேட் சங்கிலியின் மூலக்கூறு எடை பல பத்தாயிரங்களிலிருந்து சில லட்சங்கள் வரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் யார் நகர்வார்? கால்சியம் ஓடும், ஆல்ஜினேட் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். அப்படியானால் ஜெல் எப்போதும் ஆல்ஜினேட் இருக்கும் பக்கத்தில்தான் உருவாகும், கால்சியம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சரி. எல் புல்லியில் 2003-க்கும் 2005-க்கும் நடுவே நடந்த முன்னேற்றம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

2003-இல் செய்தது நேர் முறை. சாற்றில் ஆல்ஜினேட்டைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முலாம்பழச் சாறு இப்படித்தான் மீன் முட்டை போன்ற ஆரஞ்சு மணிகளானது. இதில் கால்சியம் வெளியிலிருந்து உள்ளே போகிறது. முதலில் மேற்பரப்பு உறைகிறது, அப்புறம் அதற்கு அடுத்த அடுக்கு, அப்புறம் அதற்கும் அடுத்தது. மணியை வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் அலசினாலும் சவ்வுக்குள் ஏற்கெனவே புகுந்த கால்சியம் உள்நோக்கிப் போய்க்கொண்டேதான் இருக்கும். உள்ளே ஆல்ஜினேட் காத்திருக்கிறதே! கொஞ்ச நேரத்தில் திரவ நடு மறைந்து மணி முழுக்கக் கட்டியாகிவிடும். அதனால் சமையலறையில் மணி உருவான கையோடு விருந்தினர் வாய்க்குப் போயாக வேண்டும்.

இதில் வேறு தொல்லைகளும் உண்டு. சாறு புளிப்பானால், பிஹெச் 4-க்குக் கீழே இறங்கினால், ஆல்ஜினேட் கரையாமல் திரிந்துவிடும். பாலிலும் தயிரிலும் இயற்கையாகவே கால்சியம் இருப்பதால் ஆல்ஜினேட்டைக் கலக்கும்போதே பாத்திரத்திலேயே உறையத் தொடங்கிவிடும்.

ஆலிவுக்கு முறையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். கால்சியம் சாற்றுக்குள், ஆல்ஜினேட் வெளியே தொட்டியில். இப்போது கால்சியம் சாற்றிலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது, சவ்வு உருண்டைக்கு வெளிப்புறமாக வளர்கிறது. தேவையான தடிமன் வந்ததும் உருண்டையை எடுத்துத் தண்ணீரில் அலசினால் ஒட்டியிருந்த ஆல்ஜினேட் போய்விடும். உள்ளே ஆல்ஜினேட் துளியும் இல்லை. ஆகவே உள்ளே உறைவதற்கு எதுவும் இல்லை. மணிக்கணக்கில் வைத்திருந்தாலும் நடு திரவமாகவே இருக்கும். அதனால்தான் அந்த ஆலிவ்களை முன்கூட்டியே செய்து, பூண்டும் எலுமிச்சைத் தோலும் ரோஸ்மேரியும் போட்ட ஆலிவ் எண்ணெய்க் கண்ணாடி ஜாடியில் ஊற வைத்து, விருந்தினர் கண்ணெதிரே எடுத்து ஸ்பூனில் வைக்க முடிந்தது. இரண்டு பொருள்கள் இடம் மாறின. வேறு எதுவும் மாறவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தால் வேலை நுணுக்கமானது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 5 கிராம் ஆல்ஜினேட். கால்சியம் அதிகமுள்ள கடினநீர் உதவாது, தொட்டியே கொழகொழத்துப் போகும். மிக்சியில் அடித்துக் கலந்த கரைசலில் காற்றுக் குமிழிகள் நிறைய இருக்கும். அவை வெளியேற ராத்திரி முழுக்க அசையாமல் விட வேண்டும், இல்லாவிட்டால் சவ்வில் குமிழி இருக்கும் இடம் ஓட்டையாகிவிடும். சாறு தொட்டிக் கரைசலோடு கலந்து சிதறாமல் இருக்க, சாற்றில் சிட்டிகை அளவு சாந்தன் கம் சேர்த்துக் கெட்டியாக்குகிறார்கள். அரைக்கோள வடிவ ஸ்பூனில் சாற்றை எடுத்து, தொட்டியின் நீர்மட்டத்துக்கு மிக அருகில் கொண்டுபோய், ஒரே சீராகக் கவிழ்க்க வேண்டும். உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டால் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இரண்டு மூன்று நிமிடம். தண்ணீரில் ஒரு கால்சியம் அயனி அரை மில்லிமீட்டர் பரவ ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். தடிமன் இரட்டிப்பாக வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்கு ஆக வேண்டும் என்பது பரவலின் பொது விதி. ஆகவே தொடக்கத்தில் வேகமாக வளரும் சவ்வு போகப் போக மந்தமாகிறது; சமையல்காரருக்குக் கைவசம் கொஞ்சம் அவகாசம் கிடைப்பது அதனால்தான்.

சாப்பிடுகிறவருக்கு இதில் என்ன லாபம்? கட்டியான ஜெல்லில் சுவையும் மணமும் வலைப்பின்னலுக்குள் சிக்கிக்கொண்டு மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். இங்கே சவ்வு உடைந்த கணமே ஒரு வாய்ச் சாறு மொத்தமும் நாக்கின் எல்லாப் பக்கமும் பரவுகிறது. ஆவியாகும் மணப்பொருள்கள் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஒரே நேரத்தில் ஏறுகின்றன. பல ஆலிவ்களின் சாறு ஒரே உருண்டையில் இருப்பதால், ஆலிவைவிட ஆலிவ் சுவை அதிகம் என்று தோன்றும். கண் காய் என்கிறது, நாக்கு சாறு என்கிறது. அந்த முரணைத்தான் அந்த உணவகம் விருந்தாக வைத்தது.

இனி கெமிக்கல் கேள்வி. அட்ரியாவுக்கு எதிராகவே இது கிளம்பியது. 2008-இல் சாந்தி சாந்தமரியா என்ற இன்னொரு மூன்று நட்சத்திரக் கட்டலான் சமையல்காரர், ஜெல்லாக்கிகளையும் இதர சேர்மானங்களையும் உணவில் கொட்டுவதாக வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். ஸ்பெயினின் சமையல் உலகம் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்குச் சாப்பிடுகிறவருக்கு முழு உரிமை உண்டு, அதில் நான் சாந்தமரியாவின் பக்கம்தான். ஆனால் பெயரில் ‘சோடியம்’ இருப்பதாலேயே விஷம் என்று பயப்படுவது மூடநம்பிக்கை, அதை அப்படியே சொல்லியாக வேண்டும். ஆல்ஜினேட் நம் குடலில் செரிக்காத நார்ச்சத்து வகை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு இதற்கு அன்றாட உச்சவரம்பு எண் எதுவும் விதிக்கவில்லை, அந்த அளவுக்குத் தீங்கற்றது என்பதால். ஓர் உருண்டையின் தோலில் இருப்பதோ மிகச் சொற்பம். சாப்பிடலாம்.

எனக்கு ஆதங்கம் வேறு இடத்தில். இந்த உத்தியை எல் புல்லி கண்டுபிடிக்கவில்லை. 1942-இலேயே வில்லியம் பெஷார்ட் என்பவர் பிரிட்டனில் ஆல்ஜினேட்டையும் கால்சியத்தையும் கொண்டு செயற்கைச் செர்ரிப் பழம் செய்யக் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். எம்-உம் ஜி-யும் சங்கிலியில் கட்டம் கட்டமாக வருகின்றன என்பதை 1960-களில் நார்வேயில் ஆர்னே ஹவுகும் அவருடைய குழுவும் பொறுமையாகப் பிரித்துக் காட்டினார்கள். கடலோரம் ஒதுங்கும் பாசிக்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி, என்ன லாபம் என்று கேட்டு அன்றைக்கே நிதியை நிறுத்தியிருந்தால்? இன்று பல நாடுகளில் ஆய்வு விண்ணப்பத்தில் முதல் பக்கத்திலேயே பயன் என்ன என்று எழுதச் சொல்கிறார்கள். ஹவுக் காலத்து ஆய்வின் பயன் பட்டியலில் இன்று புண்ணின் கசிவை உறிஞ்சி ஜெல்லாக மாறும் கட்டுத்துணி இருக்கிறது. இதையெல்லாம் அன்று விண்ணப்பத்தில் யாரால் எழுதியிருக்க முடியும்?

எல்லாவற்றிலும் பெரிய பயன் இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. 1980-இல் லிம், சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகளை (கணையத்தில் உள்ள செல் கூட்டங்களை) ஆல்ஜினேட் துளிகளுக்குள் வைத்து, கால்சியத்தில் உறைய வைத்து, மேலே இன்னொரு பூச்சும் கொடுத்து, நீரிழிவு கொண்ட எலிகளின் உடலில் செலுத்தினார்கள். சவ்வின் வலைக்கண் வழியாகக் குளுக்கோஸும் ஆக்சிஜனும் உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும். அந்நியமானதைத் தாக்கும் உடலின் நோய் எதிர்ப்பு செல்கள் பெரியவை, நுழைய முடியாது. இரண்டு மூன்று வாரம் அந்த எலிகளின் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. நாளடைவில் உடல் அந்த உருண்டையைச் சுற்றி நார்த்திசுவை வளர்த்து உள்ளே இருக்கும் செல்களை மூச்சுத்திணற வைத்துவிடுவதுதான் இன்றுவரை பெரிய தடை. அந்தத் திசு ஒட்டாதபடி ஆல்ஜினேட் சங்கிலியில் எந்த வேதித் தொகுதியை எங்கே இணைப்பது என்பதில்தான் இப்போது ஆய்வகங்கள் மும்முரமாக இருக்கின்றன.