ஓய்வுநாளில் எதற்குப் பள்ளி?

நான் பாலர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலம். ஒரு ஞாயிறு காலை, ஆறு வயதுப் பையன் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து உட்கார்ந்தான். "அக்கா, இன்றைக்கு ஓய்வுநாள்தானே? பிறகு எதற்குப் பள்ளி?" என்றான். மனப்பாட வசன அட்டை ஒன்றை அவன் கையில் கொடுத்துச் சமாளித்தேன். கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

ஞாயிறுதோறும் சபையில் பிள்ளைகளுக்கு நடக்கும் வேத வகுப்பு அது. பேச்சில் எல்லோருக்கும் 'சண்டே ஸ்கூல்'தான். அறிவிப்புப் பலகைக்கு வந்தால் 'ஓய்வுநாள் பள்ளி' அல்லது 'ஓய்வுநாள் பாடசாலை' ஆகிவிடும். சில சபைகளில் 'ஞாயிறு பள்ளி' என்பார்கள். கத்தோலிக்கர்களுக்கு அது 'மறைக்கல்வி'.

'ஓய்வுநாள்' அருமையான மொழிபெயர்ப்பு. எபிரேயத்தில் 'ஷபாத்' என்பதன் வேர்ப்பொருள் நின்றுபோதல், நிறுத்துதல். தமிழில் 'ஓய்' என்ற வினைக்கும் அதே பொருள் உண்டு. மழை ஓய்ந்தது, சண்டை ஓய்ந்தது என்கிறோம். மழை களைத்துப் படுத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் கடவுள் ஏழாம் நாளில் 'ஓய்ந்திருந்தார்' என்று வருவதும் அப்படித்தான்: அவர் களைக்கவில்லை, நிறுத்தினார்.

சிக்கல் கிழமையில் இருக்கிறது. பத்துக் கட்டளைகள் சொல்லும் ஓய்வுநாள் சனிக்கிழமை. ஞாயிறு, இயேசு உயிர்த்தெழுந்த வாரத்தின் முதல் நாள். அதற்குக் 'கர்த்தருடைய நாள்' என்று வேறு பெயரே உண்டு. ஆகவே ஞாயிறன்று நடப்பதை ஓய்வுநாள் பள்ளி என்பது பிழை என்று இறையியல் படித்தவர்கள் சொன்னால் மறுக்க முடியாது. சனிக்கிழமையையே ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வெந்து சபையாருக்குத்தான் அந்தப் பெயர் அச்சாகப் பொருந்தும்.

இனி 'பள்ளி'. பள்ளிகொள்ளுதல், பள்ளியறை, பள்ளியெழுச்சி எல்லாம் படுக்கையைச் சுற்றி வரும் சொற்கள். சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்துக்குப் பள்ளி என்று பெயர். அங்கேயே பாடமும் நடந்ததால் கல்விக்கூடத்துக்கும் அது பெயராயிற்று என்பது பரவலான விளக்கம். பிறகு முஸ்லிம்களின் தொழுமிடம் பள்ளிவாசல் ஆனது. மலையாளத்தில் கிறிஸ்தவ ஆலயமும் பள்ளிதான். இத்தனை சமயங்களுக்கு இடம் கொடுத்த சொல் வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஆனால் வேரைத் தோண்டினால் 'ஓய்வுநாள் பள்ளி' என்பது ஓய்ந்திருக்கும் நாளில் படுத்திருக்கும் இடம். சொற்பிறப்பின்படி பையன் பக்கம்தான் நியாயம்.

வரலாற்றுக்குப் போனால் காட்சி மாறுகிறது. 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகை உரிமையாளர் தொடங்கிய பள்ளிகளால்தான் இந்த ஏற்பாடு ஊரெங்கும் பரவியது. அவருக்கு முன்பே 1769-இல் ஹானா பால் என்ற பெண் ஹை விக்கம் என்ற ஊரில் இதைத் தொடங்கிவிட்டார். பெயர் என்னவோ ரெய்க்ஸுக்குப் போய்விட்டது. குளோஸ்டரில் குண்டூசித் தொழில் நடந்தது; பிள்ளைகளும் அதில் வேலை செய்தார்கள். வாரத்தில் அவர்கள் கை ஓய்ந்திருந்த நாள் ஞாயிறு ஒன்றே. அன்று அவர்களுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், பாடநூல் வேதாகமம். கதையும் பாட்டும் அதன் பிறகு வந்தவை. ஓய்வு கிடைத்த ஒரே நாளில் நடந்த பள்ளி என்பதால் அது ஓய்வுநாள் பள்ளி. இறையியலில் பிழையான பெயர் வரலாற்றில் சரியாகிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாசிக்கக் கற்பிப்பதில் யாருக்கும் தடையில்லை, அது வேதம் படிக்க உதவும். எழுதக் கற்பிப்பதோ உலக வேலை, ஓய்வுநாளில் ஆகாது என்று ஒரு சாரார் எதிர்த்தார்கள். அந்தச் சச்சரவு 19-ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. அ என்று படித்தால் பக்தி, அ என்று எழுதினால் பாவம்!

சபைப் பணிகளை 'சிறுவர் ஊழியம்', 'வாலிபர் ஊழியம்' என்கிறோமே, அந்த 'ஊழியம்' என்ற சொல்லும் இங்கே வந்து சேர்கிறது. எஜமானுக்குச் செய்யும் பணி என்பது அதன் பழைய பொருள். ஆங்கிலத்தில் இதற்குச் சொல்லும் 'மினிஸ்ட்ரி'யின் மூலமான 'மினிஸ்டர்' என்ற லத்தீன் சொல்லும் முதலில் வேலைக்காரனைத்தான் குறித்தது என்பதால் பொருத்தம் கச்சிதம். ஆனால் திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. ஊழியம் இல்லாத நாளே அவர்களுக்கு ஓய்வுநாள். இன்று அதே நாளில் அதே சொல்லை விரும்பிச் சுமக்கிறோம்.

'மறைக்கல்வி' சுருக்கமான, அழகான சொல். உள்ளே என்ன நடக்கிறது என்பதை நேரே சொல்லிவிடுகிறது. அது 'கேட்டெகிசம்' என்பதற்கு வந்த சொல். முன்பு 'ஞானோபதேசம்' என்றார்கள். கிரேக்க மூலத்தில் எதிரொலியைக் குறிக்கும் சொல் ஒளிந்திருக்கிறது: காதில் ஒலிக்கும்படி வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்தல். வழக்கமாக அது வினா விடை வடிவில் இருக்கும். 1579-இல் கொச்சியில் அச்சான தமிழ் நூலான 'கிரிசித்தியானி வணக்கம்' இந்த வகைதான். பிள்ளைகளுக்குப் போதிப்பதற்கென்றே எழுதப்பட்ட போர்ச்சுகீசிய உரையாடல் ஒன்றின் தமிழாக்கம் அது. தமிழ் அச்சு ஏறக்குறைய பிறந்தவுடனேயே சிறுவர் வகுப்புக்குப் போயிருக்கிறது. என்னைக் கேட்டால் கேட்டெகிசத்துக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது: கேள்வி. செவியால் கற்பதும் அதுதான், வினாவும் அதுதான்; திருக்குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. இனி யாரும் மாற்றப்போவதில்லை.

எதை எழுதலாம்? சபைக்கு வெளியே இருப்பவர்களும் படிக்கும் இடத்தில் 'ஞாயிற்றுப் பள்ளி' தெளிவு. 'ஞாயிறு பள்ளி' என்று பலரும் எழுதுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லும் வாய்க்கு ஞாயிற்றுப் பள்ளி கடினமில்லை. சபைக்குள் நான் 'ஓய்வுநாள் பள்ளி'யை விடமாட்டேன். குண்டூசிப் பிள்ளைகள் அந்தப் பெயரில்தான் இருக்கிறார்கள்.

இலக்கணப்படி அதுவும் 'ஓய்வுநாட்பள்ளி' என்று புணர வேண்டும், நாட்குறிப்பு போல. ஒரு வருடம் பரிசுச் சான்றிதழ்களில் அப்படியே அச்சிட்டோம். ஒரு தாய் தன் மகளின் சான்றிதழைத் திரும்பக் கொண்டுவந்தார். "அச்சுப்பிழை இருக்கிறது, மாற்றிக் கொடுங்கள்" என்றார். மாற்றிக் கொடுத்தோம்.