பாரிஷ்: பங்கா, சேகரமா?

கிறிஸ்தவத் திருச்சபை வழக்கில் வரும் 'எபிஸ்கோப்பல் பாரிஷ்' என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் இரண்டாம் சொல்லில்தான் இடறுகின்றனர். முதற்சொல் அவ்வளவு தொல்லை தருவதில்லை. மேற்பார்ப்பவர் என்று பொருள்படும் 'எபிஸ்கோப்போஸ்' என்ற கிரேக்கச் சொல்லைத் தமிழ் வேதாகமம் 'கண்காணி' என்றே பெயர்த்திருக்கிறது. பேராயரின் மேற்பார்வைக்கு உட்பட்டது என்பதே 'எபிஸ்கோப்பல்' என்பதன் பொருள்.

'பாரிஷ்' கிரேக்கத்தின் 'பரோய்க்கியா'விலிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'பரா' என்றால் அருகில், 'ஓய்க்கோஸ்' என்றால் வீடு. ஊருக்கு உரியவராக இல்லாமல் ஊராரின் அருகே குடியிருப்பவரே 'பரோய்க்கோஸ்'. பேதுருவின் முதல் நிருபத்தில் 'அந்நியர்' என்று வருவது இச்சொல்தான். வந்தேறியின் தங்கலைக் குறித்த சொல், பிற்கால இங்கிலாந்தில் எல்லை வகுக்கப்பட்ட நிலப்பகுதிக்கும், அதற்குள் பிறந்து வாழ்ந்து மடியும் அனைவருக்கும் பெயரானது விந்தையே.

அமெரிக்காவில், விடுதலைக்குப் பின் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து 1789இல் தனக்கெனச் சட்டம் வகுத்துக்கொண்ட எபிஸ்கோப்பல் திருச்சபையில், இப்பொருள் மீண்டும் மாறியது. அங்கே எல்லையைவிடத் தற்சார்பே முதன்மையானது. பேராயரின் பொறுப்பிலும், அவரது ஆளுகைப் பகுதியான மறைமாவட்டத்தின் உதவியிலும் இயங்கும் சிறு சபை 'மிஷன்' எனப்படும். அது தன் செலவைத் தானே தாங்கும் நிலையை எட்டி, மறைமாவட்டப் பேரவையால் ஏற்கப்பட்ட பிறகே பாரிஷ் ஆகும். அதன் பின்னர், உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் 'வெஸ்ட்ரி' என்னும் நிர்வாகக் குழு தன் குருவைத் தானே அழைக்கும். (குருவின் அங்கிகளை வைக்கும் அறைக்கு உரிய பெயர், அங்கே கூடிய குழுவுக்கும் ஆகிவந்தது.)

ஃபிலடெல்ஃபியாவின் புனித தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோப்பல் ஆலயம் இப்பொருளுக்குத் தக்க சான்று. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட அப்சலோம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் 1787இல் தொடங்கிய விடுதலை ஆப்பிரிக்கர் சங்கத்திலிருந்து வளர்ந்த இச்சபையின் ஆலயம் 1794 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. எபிஸ்கோப்பல் திருச்சபையில் சேர அவர்கள் மூன்று நிபந்தனைகளை முன்வைத்தனர்: தங்களை ஓர் அமைப்பாகவே ஏற்க வேண்டும், தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ள வேண்டும், ஜோன்ஸுக்கு வழிபாட்டில் வாசித்து நடத்தும் 'வாசகர்' உரிமம் அளித்து, தகுதி கண்டால் குருப்பட்டமும் தர வேண்டும். இவற்றை ஏற்ற பேராயர் வில்லியம் வைட் 1795இல் ஜோன்ஸை, குருப்பட்டத்துக்கு முந்தைய நிலையான திருத்தொண்டராக்கினார். ஆயினும் மறைமாவட்டப் பேரவையில் இச்சபைக்கு இடம் கிடைத்தது 1860களில்தான். சொல்லின் பழைய பொருளான 'அருகே குடியிருக்கும் அந்நியர்' என்பது இவர்களுக்கு அத்தனை காலம் பொருந்தியிருந்தது கசப்பானது.

தமிழில் கத்தோலிக்கர் பாரிஷைப் 'பங்கு' என்பர்; பங்குத்தந்தை, பங்கு மக்கள் என்பன அதன் வழிவந்தவை. திருநெல்வேலிச் சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் 'சேகரம்' ஒரு குருவின்கீழ் அமையும் பல ஊர்ச் சபைகளின் தொகுப்பு. தனியொரு சபையான அமெரிக்க பாரிஷுக்கு அது பொருந்தாது. 'திருச்சபை' என்றால் முழு அமைப்போடு குழம்பும். ஆகவே 'பங்கு' என்பதையே நான் தேர்வேன்: மறைமாவட்டத்தின் ஒரு கூறு என்பதோடு, செலவிலும் நிர்வாகத்திலும் உறுப்பினர் ஏற்கும் பங்கையும் அச்சொல் உணர்த்துகிறது. இன்னும் அந்நிலையை எட்டாத 'மிஷனை'க் 'கிளைச்சபை' எனலாம்.