மாத்திரைக்கு மசியாத புற்றணு

மதுரை பெரியாஸ்பத்திரிக்கு உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து வருகிறவர்களில், சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தினமும் மாத்திரை மட்டும் சாப்பிட்டு வேலைவெட்டியைப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்த மாத்திரைதான் இமாடினிப். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் படிக வடிவத்துக்குக் காப்புரிமை தர நம் உச்ச நீதிமன்றம் 2013இல் மறுத்ததால், விலை குறைந்த இந்தியத் தயாரிப்புகள் தடையின்றித் தொடர்ந்தன.

இந்த நோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம், வெள்ளையணுக்களைப் பெருகு பெருகு என்று விரட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு ஏடிபி என்ற மூலக்கூறு அந்தப் புரதத்தின் பள்ளமொன்றில் வந்து அமர வேண்டும். மாட்டுத்தாவணியில் பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, இமாடினிப் அந்தப் பள்ளத்தை முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சிலருக்கு நோய் மறுபடி தலைதூக்கும். "மாத்திரை உடம்புக்குப் பழகிப்போச்சு" என்பார்கள். உடம்பு பழகவில்லை, மாறியது புற்றணு. கோடிக்கணக்கான அணுக்கள் பிரியும்போது ஏதோ ஒன்றில் மரபணு எழுத்து பிசகுகிறது. மருந்து மற்றவற்றை அழிக்க, அந்த ஒன்று மட்டும் தப்பிப் பெருகுகிறது. இதில் பேர்போன பிசகு, புரதத்தின் 315ஆம் இடத்தில் திரியோனைன் என்ற அமினோ அமிலம் போய் ஐசோலூசின் என்ற வேறொன்று வருவது. இமாடினிப் பற்றிக்கொண்டிருந்த பிடி அதோடு போகிறது. ஐசோலூசின் உள்ளே துருத்திக்கொண்டு வழியையும் மறிக்கிறது. ஆனால் ஏடிபிக்கு அது தடையே இல்லை! டோஸைக் கூட்டினாலும் பயனில்லை. அடுத்து வந்த டசாட்டினிப், நிலோட்டினிப் மருந்துகளும் இங்கே தோற்கின்றன.

2012இல் அனுமதி பெற்ற பொனாட்டினிப்பின் நடுப்பகுதி ஒல்லியானது. ஐசோலூசினை இடிக்காமல் நுழைந்துவிடும். ரத்தக்குழாய் அடைப்பு ஆபத்து உண்டு என்பதால் கண்காணிப்போடுதான் தருவார்கள். 2021இல் வந்த அசிமினிப் என்னை இன்னும் வியக்க வைக்கிறது. அது ஏடிபியின் இடத்துக்குப் போட்டியே போடுவதில்லை. அதே புரதத்தில் வேறொரு குழியில் அமர்ந்து, புரதத்தையே செயலற்ற வடிவத்துக்கு மடக்கிவிடுகிறது.

சரி, நோய் தலைதூக்கினாலே மரபணு மாற்றம்தானா? இல்லை. வேளை தவறிய மாத்திரைகளும் காரணமாகலாம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், ரத்தத்தில் இமாடினிப்பின் அளவை வெகுவாகக் குறைத்துவிடும். வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். பிசிஆர்-ஏபிஎல் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையை 3 மாதத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்வது இதற்காகத்தான். அளவு ஏறினால், முதலில் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் மரபணுச் சோதனை. எந்த எழுத்து பிசகியது என்று தெரிந்தால் அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.