பீரோவுக்குள்ள லென்ஸை வச்சுப் பூட்டாதீங்க

இந்த மழை சீசன் ஆரம்பிச்சதுல இருந்து, லென்ஸுக்குள்ள பூஞ்சைன்னு என்கிட்ட வர்ற மூணாவது கேஸ் இது. முதல் ரெண்டையும் பல்லைக் கடிச்சுட்டு விட்டுட்டேன், மூணாவதுக்கு மேல தாங்கல, அதான் எழுத உக்காந்துட்டேன்.

ஒரு தம்பி வந்தார், ஐடி வேலை, வீடு பள்ளிக்கரணை பக்கம், லீவு நாள்ல காலங்காத்தால சதுப்பு நிலத்துல பறவை எடுக்கப் போற ஆளு. கையில 100 எம்எம் மேக்ரோ லென்ஸ், சின்னப் பொருளை ரொம்பக் கிட்டப் போய் எடுக்கறது. "அண்ணா, போட்டோ ஏனோ மங்கலாவே வருது, போகஸ் எதுவும் அவுட் ஆயிடுச்சா பாருங்க"ன்னு குடுத்தார். லென்ஸோட வந்த பவுச்சுலயே போட்டு, வார் கட்டி, பொண்ணுக்கு நகை வச்ச மாதிரி பத்திரமா வச்சிருந்தார். பவுச்சைத் திறந்தேன், குப்புன்னு அந்துருண்டை வாசனை. ரெண்டு மூடியையும் கழட்டிட்டு பின்னாடி இருந்து போன் டார்ச் அடிச்சுப் பாத்தா, உள்ள இருக்கற ஒரு கண்ணாடியில ஓரத்துல இருந்து நடுவு வரைக்கும் கொத்தமல்லிக் கட்டோட வேரை விரிச்சு ஒட்டின மாதிரி பூஞ்சை. வெள்ளை வெளேர்னு, கிளை கிளையா, அழகாத்தான் இருந்துச்சு, அதையே ஒரு மேக்ரோ எடுக்கலாம்.

"கடைசியா எப்பப்பா வெளிய எடுத்தீங்க?"

"ஆயுத பூஜைக்கு எடுத்துப் பொட்டு வச்சேன்ணா."

"இந்த வருஷமா?"

பேசாம நின்னார். போன வருஷம்.

(பொட்டுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, சந்தனம் குங்குமத்தை கேமரா மேலயே அப்பாதீங்க. பிளாஷ் மாட்டற இடத்துல, பட்டன் இடுக்குல குங்குமம் போயி நான் ஊசி வச்சு நோண்டி எடுத்திருக்கேன். பேக் மேல வைங்க, சாமி கோச்சுக்காது.)

எல்லாரும் சொல்ற ஒரே வசனம், "நல்லா மூடித்தான வச்சிருந்தேன்". அதாங்க பிரச்சனையே. பூஞ்சை விதை காத்துலயே இருக்கு, உங்க லென்ஸ் பேக்டரிய விட்டு வரும்போதே உள்ள இருந்திருக்கலாம். அதை யாராலயும் தடுக்க முடியாது. அதுக்கு வேண்டியது இருட்டு, அசையாத காத்து, நாள் கணக்கா ஈரப்பதம் 60, 70 சதவீதத்துக்கு மேல. சென்னையில மழைக்காலத்துக் காலைல 80க்கு மேல சர்வசாதாரணமா போகும். இப்ப ஸ்பாஞ்சு வச்ச பேக், அதுக்குள்ள பவுச்சு, அதை பீரோவுல வச்சுப் பூட்டியாச்சுன்னா பூஞ்சைக்கு சகல வசதியோட வீடு கட்டிக் குடுத்த மாதிரிதான். அந்துருண்டை துணி அரிக்கிற பூச்சிக்கு, அந்த ஆவி லென்ஸுக்குள்ள போறதும் நல்லதில்ல. வெதர் சீல்டு லென்ஸ்னு பெருமையா சொல்றவங்களும் இருக்காங்க, அது மழைத்துளிக்கு, ஜூம் பண்ணா போகஸ் பண்ணா காத்து உள்ள போயிட்டு வந்துட்டுதான் இருக்கும்.

இதெல்லாம் கூட பரவால்ல. எனக்கு ரத்தக் கொதிப்பு ஏர்றது அந்த குட்டி சிலிக்கா பாக்கெட்டைப் பாக்கும்போதுதான். "அண்ணா, சிலிக்கா ஜெல் போட்டுத்தான் வச்சிருந்தேன்"னு பேக் மூலையில இருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டுவாங்க. என்னைக்குப் போட்டீங்கன்னா, பேக் வாங்கும்போதே இருந்துச்சும்பாங்க. பேக் வாங்கினது 2017. ஒருத்தர் ஷூ டப்பாவுல இருந்து எடுத்துப் போட்டிருந்தார்.

கொஞ்சம் பொறுமையா கேளுங்க. சிலிக்கா ஜெல் ஈரத்தைச் சாப்பிட்டு ஜீரணம் பண்ற ஜந்து இல்ல. அதோட எடையில கால்வாசி, மிஞ்சிப்போனா மூணுல ஒரு பங்கு தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், அவ்ளோதான். அஞ்சு கிராம் பாக்கெட்டுன்னா கால் டீஸ்பூன் தண்ணி. அதுக்கப்புறம் வயிறு ரொம்பின வெறும் கல்லு. இது மூடின டப்பாவுக்கான கணக்கு, நீங்க போட்டிருக்கறது ஜிப் வச்ச துணி பேக்குல, ஜிப்பு வழியா ஊர்க் காத்து முழுக்க உள்ள வந்துட்டுப் போகுது. மெரினாவுல நின்னு டம்ளரால கடலை இறைக்கற மாதிரி. பத்து பாக்கெட் போட்டாலும் இதேதான், பத்து டம்ளர். அதனால தயவுசெஞ்சு அந்தப் பாக்கெட்டைக் காட்டி என்கிட்ட வாதம் பண்ணாதீங்க.

அரிசியில புதைச்சு வைக்கற கோஷ்டி தனி. அரிசி அப்படி ஒண்ணும் ஈரத்தை இழுக்காது, மாவுத் தூசியை மட்டும் கரெக்டா லென்ஸ் இடுக்குல கொண்டு போய்ச் சேக்கும், கூடவே வண்டும் வரும். மழைக்காலத்துல அரிசி மூட்டைக்கே பூஞ்சை பிடிக்குதே, அது எப்படிங்க லென்ஸைக் காப்பாத்தும்?

சரி, என்ன பண்ணலாம். காசு இருந்தா டிரை கேபினெட் வாங்குங்க, உள்ள ஈரம் சேராம பாத்துக்கற அலமாரி, கரண்ட்ல ஓடும், ஈரப்பதத்தை 40ல இருந்து 50க்குள்ள செட் பண்ணிட்டு மறந்துடலாம். ரொம்பக் காய வைக்கணும்னு 20, 25க்கு இறக்காதீங்க, ரப்பருக்கும் உள்ள இருக்கற கிரீஸுக்கும் நல்லதில்ல. காசு இல்லையா, பாத்திரக் கடையில மளிகை சாமான் போட்டு வைக்க ரப்பர் வச்சு நாலு பக்கமும் லாக் ஆகற பெரிய பிளாஸ்டிக் டப்பா இருக்கே, அது போதும். கால் கிலோ சிலிக்கா ஜெல், எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்ல குட்டி டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் ஒண்ணு. மீட்டர் கண்டிப்பா வேணும், அது இல்லாம "காஞ்சுதான் இருக்கு"ன்னு நீங்க சொல்றதுக்கு அர்த்தமே இல்ல. லென்ஸை மட்டும் உள்ள வைங்க, பவுச்சு, பேக், ஸ்ட்ராப் எதுவும் வேண்டாம், அதுங்கதான் ஈரத்தைச் சுமக்கறது. சிலிக்கா ஜெல்லுல கலர் மாறற வகை வாங்குங்க, ஆரஞ்சு பச்சையாச்சுன்னா எடுத்து கேக் சுடற ஓவன்ல 120 டிகிரில ரெண்டு மணி நேரம் காய வச்சா திரும்ப ஆரஞ்சாயிடும். நீலத்துல இருந்து ரோஸ் ஆகற வகை வேண்டாம், அதுல கோபால்ட் குளோரைடு இருக்கு, விஷம். எதுவா இருந்தாலும் சமையல் வாணலியில போட்டு வறுக்காதீங்க, வறுத்தவரை எனக்குத் தெரியும், வீட்டம்மா இன்னும் அவர்கூட பேசலையாம்.

மழையில எடுத்துட்டு வந்து ஈரத்தோட டப்பாவுக்குள்ள தள்ளாதீங்க. துடைச்சு, பேன் காத்துல சில மணி நேரம் வச்சுட்டு அப்புறம் உள்ள. வால்பாறைக்கு இருவாச்சி பாக்க, சிங்கவால் குரங்கு பாக்கன்னு மழைக்காலத்துல போறவங்களுக்கு இது டபுள். காசிமேடு, தனுஷ்கோடி போயிட்டு வந்தா உப்பு வேற, லேசா நனைச்சுப் பிழிஞ்ச துணியால கேமரா பாடியைத் துடைங்க.

அப்புறம் ஏசி. மகாபலிபுரத்துல ரூம் போட்டு, ராத்திரி முழுக்க ஏசியில கேமராவ வச்சுட்டு, அஞ்சரை மணிக்கு சூரிய உதயம் எடுக்க பீச்சுக்கு ஓடுவீங்க, லென்ஸ் கண்ணாடி டம்ளர்ல ஐஸ் வாட்டர் ஊத்தின மாதிரி வேர்த்துடும். உடனே சட்டையால துடைப்பீங்க, திரும்ப வேர்க்கும், பதட்டத்துல லென்ஸைக் கழட்டி உள்ள துடைக்கலாம்னு பாப்பீங்க, அங்க போச்சு, இப்ப சென்சார் மேலயும் தண்ணி. கழட்டவே கழட்டாதீங்க. கிளம்பறதுக்கு அரைமணி முன்னாடி பேக்கை மூடினபடியே பால்கனியில வச்சுடுங்க, முடிஞ்சது.

பூஞ்சை ஆரம்பத்துல போட்டோவுல தெரியாது. அதனால "படம் நல்லாத்தான வருது"ன்னு விட்டுடுவாங்க. முதல்ல கான்ட்ராஸ்ட் போகும், வெளிச்சத்தைப் பாத்து எடுத்தா படம் வெளிறும், அதுக்குள்ள பூஞ்சை விடற அமிலம் கண்ணாடி மேல பூசியிருக்கற மெல்லிசு கோட்டிங்கை அரிச்சு கண்ணாடியில தடம் போட ஆரம்பிச்சிருக்கும். சீக்கிரம் கொண்டு வந்தா துடைச்சா போயிடும், லேட்டா வந்தா பூஞ்சை போகும், தழும்பு போகாது. இது நம்ம ஊர்ப் பிரச்சனை மட்டும் கிடையாது, ரெண்டாம் உலகப் போர்ல பசிபிக் தீவுக் காடுகளுக்குப் போன ராணுவத்தோட பைனாகுலரே பூஞ்சை பிடிச்சு வீணாச்சு.

வீட்டுல நீங்களே பிரிக்காதீங்க. வீடியோ பாத்துட்டு ஸ்க்ரூ டிரைவரோட உக்காந்து, கண்ணாடி எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு தெரியாம, எல்லாத்தையும் ஒரு டிபன் பாக்ஸ்ல போட்டு கொண்டு வந்தவங்க இருக்காங்க. இன்னொருத்தர் வெயில்ல வச்சா பூஞ்சை சாகும்னு கேள்விப்பட்டு மொட்டை மாடியில துண்டு விரிச்சு மூடி இல்லாம வச்சுட்டுக் கீழ வந்துட்டார். லென்ஸுன்னா பூதக்கண்ணாடிதானேங்க. துண்டுல ஓட்டை, நல்லவேளை துண்டோட போச்சு.

செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க கையோட டார்ச் கொண்டு போங்க. ரெண்டு பக்க மூடியும் கழட்டி, பின்னாடி இருந்து அடிச்சு, சாய்ச்சு சாய்ச்சுப் பாருங்க. புள்ளி புள்ளியா இருந்தா தூசி, பயப்பட வேண்டாம். வலை மாதிரி, வேர் மாதிரி கிளை விட்டா பூஞ்சை. பால் ஊத்தின மாதிரி மொத்தமா மங்கலா இருந்தாலும் வாங்காதீங்க. டார்ச் அடிக்க விடமாட்டேன்னு விக்கறவர் முறைச்சா நன்றி சொல்லிட்டு கிளம்புங்க.

நானும் யோக்கியன் இல்ல. பிலிம் காலத்துல எடுத்த என்னோட நெகட்டிவ் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. பிலிம் மேல இருக்கறது ஜெலட்டின், பூஞ்சைக்கு விருந்து. ஒரு மழைக்கு அப்புறம் திறந்தேன், முதல் ஆறு வருஷ வேலை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்துச்சு. எங்க அம்மா சிரிக்கற ஒரு படம் அதுல இருந்துச்சு, பிரிண்ட் போடவே இல்ல.

அதனால கேக்கறேன், மாசத்துக்கு ஒரு தடவையாவது எல்லா லென்ஸையும் வெளிய எடுங்க. எடுத்து மாட்டி, வீட்டுப் பூனையையோ எதிர் வீட்டுக் கொடியில காயற துணியையோ நாலு படம் எடுங்க. என்கிட்ட வர்ற பூஞ்சை லென்ஸுல பாதிக்கு மேல, ஆபர்ல வாங்கி மூணு தடவை மாட்டினதுதான். தினம் கல்யாண மண்டபத்துல அடி வாங்கற என்னோட 24-70 லென்ஸுக்கு இதுவரை ஒரு நூல் கூட வரல.

அந்த மேக்ரோவை ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுத்திருக்கு, கோட்டிங் போயிருக்கான்னு பிரிச்சாத்தான் தெரியும்னுட்டார். நேத்து ராத்திரி தம்பி போன் பண்ணார். "அண்ணா, பீரோவுல இன்னும் ரெண்டு இருக்கு."

டார்ச் அடிச்சுப் பாத்தீங்களான்னேன்.

"பயமா இருக்குண்ணா, நீங்களே பாருங்க."